இரண்டு கெசட்டுகள்: பதுளைக்கு டீவி கேம் வந்த வரலாறு

 

பழைய சாமான் வாங்க லொறியில் வருபவர்கள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகும் பட்டியல் எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். பழைய இரும்பு, பெட்டரி, பிரிட்ஜ், டீவி என்று அது நீளும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாமலேயே எத்தனையோ வீடுகளிலிருந்து லொறி ஏறிப் போன ஒரு சாமானைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். அதை நாங்கள் 'டீவி கேம்' என்றோம். சிங்களச் சகோதரர்களும் அப்படித்தான் சொன்னார்கள். டீவியில் வயரைக் கொழுவி, கெசட்டைச் செருகி, ஆளுக்கொரு ஜொய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு விளையாடிய அந்தப் பெட்டி.

இன்று முப்பத்தைந்திலிருந்து ஐம்பது வயதுக்குள் இருப்பவர்கள் அதை மீண்டும் தேடுகிறார்கள். உலகம் முழுவதும் இது நடக்கிறது. 2021 ஆகஸ்ட்டில், உறை பிரிக்கப்படாத ஒரு 'சுப்பர் மாரியோ பிரதர்ஸ்' கெசட் அமெரிக்காவில் 20 இலட்சம் டொலருக்கு விலைபோனது. இதை வாசித்துவிட்டு உடனே பரணில் ஏறிவிட வேண்டாம். அந்தக் கெசட்டும் நம் வீட்டுக் கெசட்டும் ஒன்றல்ல. நம்முடையதற்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம் எழுதி வைக்காவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

*பெட்டி எங்கிருந்து வந்தது?*

முதலில் உலகக் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். வீட்டு டீவியில் கொழுவி விளையாடும் முதலாவது பெட்டி 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஒடிசி'. வெளியிட்டது மக்னவொக்ஸ் நிறுவனம். கண்டுபிடித்தவர் ரால்ஃப் பேர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து பதினாறு வயதில் குடும்பத்தோடு தப்பி வந்த யூதர் அவர். 1977இல் அட்டாரி 2600 வந்தது. கெசட்டை மாற்றி மாற்றி வேறு வேறு விளையாட்டு விளையாடும் பழக்கத்தை வீடுகளில் பரப்பியது அதுதான்.

பிறகு ஆளாளுக்குக் கண்டபடி விளையாட்டுகளைத் தயாரித்துக் குவித்ததில் 1983இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. விற்காமல் தேங்கிய கெசட்டுகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தது. 2014இல் அந்த இடத்தைத் தோண்டினார்கள். குப்பையாகப் போனவை ஏலத்திலும் நூதனசாலைகளிலும் இடம்பிடித்தன. ஒரு தலைமுறைக்குக் குப்பையாக இருப்பது அடுத்த தலைமுறைக்கு வரலாறாகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

அமெரிக்கச் சந்தை சரிந்த அதே 1983இல், ஜூலை 15ஆம் திகதி, ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 'ஃபெமிகொம்' என்ற பெட்டியை வெளியிட்டது. விலை 14,800 யென். நின்டென்டோ 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய பழைய நிறுவனம். ஃபெமிகொம்மை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உஎமுரா. அவர் 2021 டிசம்பரில் காலமானார். 1985இல் இதே பெட்டிக்கு 'சுப்பர் மாரியோ பிரதர்ஸ்' வந்தது. ஜப்பானிலும் வெளிநாடுகளிலும் சேர்த்து 6 கோடியே 19 இலட்சம் பெட்டிகள் விற்பனையாகின.

ஆனால் அந்த 6 கோடியே 19 இலட்சத்தில் எங்கள் வீட்டுப் பெட்டிகள் சேராது. நாங்கள் விளையாடியது நகல்.

1980களின் பிற்பகுதியில் தாய்வான் நிறுவனங்கள் ஃபெமிகொம்மின் சிப்கள் செய்யும் அதே வேலையைச் செய்யும் சிப்களைத் தாமே தயாரிக்கத் தொடங்கின. யூ.எம்.சி. நிறுவனத்தின் சிப்கள் இதில் பேர்போனவை. 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற தாய்வான் பெட்டி நாடு நாடாகப் போனது. ரஷ்யாவில் 1992இல் 'டென்டி' என்ற பெயரில் இந்த வகைப் பெட்டி பிரபலமானது. போலந்தில் 'பெகாசஸ்' என்றார்கள். இந்தியாவில் 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்றார்கள். சீனாவில் 'சுபோர்' நிறுவனம் அதற்கு ஒரு கீபோர்ட்டையும் சேர்த்து, பிள்ளைகள் கற்பதற்கான இயந்திரம் என்று சொல்லிப் பெற்றோரிடம் விற்றது. ஆசிரியர்களான எங்களுக்கு இந்த வியாபார உத்தி நன்றாகப் பழக்கமானது. பிறகு எல்லாச் சிப்களையும் ஒரே சிப்பில் அடக்கி, அதன்மேல் கறுப்புப் பசையை ஒரு சொட்டு விட்டு மூடிவிட்டார்கள். விலை இன்னும் இறங்கியது. ஏழை நாடுகளின் பிள்ளைகள் கைக்கு விளையாட்டு வந்தது அந்தக் கறுப்புச் சொட்டின் வழியாகத்தான்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இலங்கையின் டீவி 'பால்' முறையில் இயங்குவது. செக்கனுக்கு 50 தடவை திரையை வரையும். ஜப்பானில் 60 தடவை. அந்த விளையாட்டுகள், திரை ஒரு தடவை வரையப்பட்டால் ஓர் அடி முன்னேறும்படி எழுதப்பட்டவை. ஆகவே பால் முறைக்குச் செய்யப்பட்ட நகல் பெட்டிகளில் மாரியோ, ஜப்பானில் ஓடியதை விட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். பாட்டும் மெதுவாகத்தான் ஒலித்தது. இன்று யூடியூப்பில் அதே விளையாட்டைப் பார்க்கும்போது 'ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறது?' என்று தோன்றுகிறதா? உங்கள் நினைவில் பிழையில்லை. உங்கள் மாரியோ உண்மையிலேயே வேறு மாரியோ.

*டீவி வந்த பிறகுதான் டீவி கேம்*

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகே நம் நாட்டில் இலத்திரனியல் பொருட்கள் தாராளமாக இறங்கின. 1979 ஏப்ரல் 13இல் ஐ.டி.என். தொடங்கியது; அது கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி ஆரம்பமாகி, பிதுருதலாகலை உச்சியிலிருந்து ஒளிபரப்பிய பிறகே மலைநாட்டுக்கு டீவி என்ற ஒன்று பொருள்பட்டது. ஆனால் பதுளை சுற்றிவர மலை உள்ள ஊர். ஒரு வீட்டில் படம் தெளிவாக வரும்; அடுத்த வீட்டில் புள்ளி புள்ளியாக வரும். மூங்கில் கம்பில் அண்டனாவைக் கட்டி, ஒருவர் கூரையில் நின்று திருப்ப, ஒருவர் முற்றத்தில் நின்று கத்த, ஒருவர் உள்ளே டீவி முன்னால் இருந்து 'சரி, சரி, விடு' என்று சொன்ன காலம் அது. டீவி கேமுக்கு அந்தத் தொல்லை இல்லை. அண்டனா வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைக் கொழுவினால் போதும். நமுனுகுலை மலை மறைத்தாலும் மழை பெய்தாலும் அதன் படம் தெளிவாக இருக்கும்.

தோட்டப்புறக் கதை வேறு. ஹாலி-எல, பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் லயங்களுக்கு மின்சாரம் பிந்தித்தான் வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதற்குள் சமையல், படுக்கை, சாமிப்படம், கறுப்பு வெள்ளை டீவி. டீவிக்குக் கார் பெட்டரி. வாரத்துக்கொரு தடவை அந்தப் பெட்டரியைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டு எடுத்துப் போவார்கள். அதே பெட்டரியில் டீவி கேமையும் ஓட்டிய பையன்கள் எங்களுக்குத் தெரியும். பெட்டரி 12 வோல்ட். கேம் பெட்டி கேட்பது 9 வோல்ட். ஆனால் பெட்டிக்குள் 7805 என்ற ஒரு சிறு உறுப்பு இருக்கும். வருவது 9 வோல்டானாலும் 12 வோல்டானாலும் அது 5 வோல்டாகக் குறைத்துக் கொடுக்கும். 12 வோல்டுக்கு அது கொதிக்கும். கையை வைத்துப் பார்த்து, சூடு ஏறினால் நிறுத்தி, ஆறவிட்டு மீண்டும் போடுவார்கள். பௌதிகவியல் பாடம் என்று தெரியாமலேயே படித்த பாடம் அது.

கொழும்பிலிருந்து வந்த பெட்டிகள் பெரும்பாலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு சரக்கு. 99ஆம் இலக்க பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ வந்து சேரும். யுத்த காலம் என்பதையும் இளையவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வயரும் அடெப்டரும் பெட்டியுமாக ஒரு பார்சலைச் சோதனைச் சாவடியில் பிரித்துக் காட்டி, 'இது பிள்ளைகள் விளையாடுவது' என்று சிங்களத்தில் விளக்கம் சொல்வது, தமிழ் பேசும் ஒருவருக்குச் சின்ன விஷயமல்ல.

*காசு யாருடையது?*

இனித்தான் முக்கியமான கட்டம்.

பஸார் வீதியில் கடை வைத்திருந்த சில குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வாப்பாமார் வாங்கிக் கொடுத்தார்கள். அது உண்மை. ஆனால் சாதாரண வீடுகளுக்கும் லயங்களுக்கும் இந்தப் பெட்டி எப்படி வந்தது? கூலிக்காசில் அதை வாங்க முடியாது. வந்த வழி ஒன்றுதான்: சவூதி, குவைத், டுபாய், லெபனான்.

1970களின் நடுப்பகுதியிலிருந்தே இலங்கையர் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவாக்கப்பட்டது. 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஏறத்தாழ 1 இலட்சம் இலங்கையர் இருந்தனர். 1990களின் நடுப்பகுதியில் இந்நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டுப் பணிப்பெண்கள். பதுளையிலிருந்தும் போனார்கள். டவுனிலிருந்து உம்மாமார், தோட்டத்திலிருந்து அம்மாமார், கிராமத்திலிருந்து சிங்களத் தாய்மார்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து வரும்போது பெல்ட் போட்டு இறுக்கிய பெரிய பெட்டி வரும். போர்வை, டேங் டின், நிடோ, சவர்க்காரம், வாசனைப் போத்தல். சில பெட்டிகளில் துணிகளுக்கு நடுவே டீவி கேம். சிலர் கட்டுநாயக்க டியூட்டி ஃப்ரீயில் டீவியையும் சேர்த்தே வாங்கி வந்தார்கள். இத்தனை பொருட்களில் பிள்ளைக்கு ஏன் அதை வாங்கினீர்கள் என்று பின்னாளில் கேட்டபோது ஒரு தாயல்ல, பல தாய்மார் ஒரே பதிலைச் சொன்னார்கள். தாங்கள் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியபடி, நம் பிள்ளைக்கும் ஒன்று கொண்டுபோக வேண்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்தார்களாம்.

நாங்கள் அப்போது பெட்டியைத்தான் பார்த்தோம்.

அந்தக் காலத்தில் ஊருக்கு வந்தது ஒரு வகைக் கெசட் மட்டுமல்ல. தொலைபேசி அபூர்வம், கடிதம் எழுதத் தெரியாத தாய்மார் அதிகம். ஆகவே அவர்கள் டேப்பில் பேசிப் பதிந்து அனுப்பினார்கள். ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பிய பார்சலில் பேசிய கெசட் ஒன்று இருக்கும். அதைப் போட்டால், 'மகன், சுகமா இருக்கீங்களா? உம்மும்மாட சொல்லுக் கேட்டு நடங்க' என்று தொடங்கி, நடுவில் குரல் அடைத்து, டேப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டு, பிறகு மீண்டும் தொடரும். எங்கள் வீடுகளில் உம்மும்மா, லயங்களில் அம்மாயி, பிள்ளைகளைச் சுற்றி இருத்தி அதைக் கேட்க வைப்பார். கேட்டு முடிந்ததும் பிள்ளைகள் மற்றக் கெசட்டை எடுத்துக்கொண்டு டீவி முன்னால் போவார்கள். ஒரே பார்சலில் வந்த இரண்டு கெசட்டுகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டீவி கேம் நினைவுகளைப் பேசும்போது நாங்கள் எல்லோரும் 'நாங்கள் விளையாடினோம்' என்கிறோம். அந்த 'நாங்கள்' பெரும்பாலும் பையன்கள். தாய் போன வீட்டில் அடுப்படி மூத்த பெண்பிள்ளையின் பொறுப்பாகிவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை. தம்பிமார் விளையாட, அவள் தேங்காய் துருவிக்கொண்டு கதவோரம் நின்று பார்ப்பாள். பழைய வரவு இடாப்புகளைப் புரட்டிப் பார்க்கும் ஆசிரியர்களுக்கு இது புரியும். வரவுக் குறிகள் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு தவணையோடு பெயரே நின்றுவிடும். அவள் விளையாட வேண்டிய இரண்டாவது ஜொய்ஸ்டிக்கைப் பக்கத்து வீட்டுப் பையன் பிடித்திருப்பான்.

*என்ன விளையாடினோம்?*

மாரியோவை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நம் ஊரின் உண்மையான விளையாட்டு 'டேங்கி'. கீழே நடுவில் ஒரு கழுகு, அதைச் சுற்றிச் செங்கல் மதில், மேலிருந்து வரும் எதிரி டாங்கிகள். அதன் சரியான பெயர் 'பெட்டில் சிட்டி'. நம்கோ நிறுவனம் 1985இல் ஜப்பானில் வெளியிட்டது. அன்று அமெரிக்காவில் அது ஃபெமிகொம் வகைப் பெட்டிக்கு வெளியிடப்படவே இல்லை. அமெரிக்கப் பிள்ளைகள் பலர் அறியாத ஒன்றை மடுல்சீமையில் ஒரு லயத்துப் பையன் மனப்பாடமாக அறிந்திருந்தான். நகல் கெசட்டின் வேலை அது. மதிலையும் ஆற்றையும் நம் விருப்பப்படி அமைத்து, நாமே ஒரு கட்டத்தை உருவாக்கும் வசதியும் அதில் இருந்தது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்று காப்பாற்ற வேண்டிய விளையாட்டு என்பதால், சண்டை பிடித்துக்கொண்ட இருவரைக்கூட அது ஒன்றாக இருக்க வைத்தது.

'கொன்ட்ரா'வில் 30 உயிர் எடுக்கும் வித்தையை யாரோ கொழும்பிலிருந்து கற்று வந்தார்கள். மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பிறகு பி, ஏ. அது கொனாமி நிறுவனத்தின் கஸுஹிஸா ஹஷிமொட்டோ, தான் தயாரித்துக்கொண்டிருந்த வேறொரு விளையாட்டு தனக்கே கஷ்டமாக இருந்ததால், சோதித்துப் பார்ப்பதற்காக வைத்த குறுக்குவழி. ஜப்பான் எங்கே, பதுளை எங்கே. ஆனாலும் அந்தப் பத்து அசைவுகளும் வாய்வழியாகவே மலையேறி வந்தன.

'9999 இன் 1' என்று எழுதிய கெசட்டில் உண்மையில் இருந்தவை சில பத்து விளையாட்டுகள்தான். ஒரே விளையாட்டை முதலாம் கட்டத்திலிருந்து, இரண்டாம் கட்டத்திலிருந்து என்று பட்டியலிட்டே எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகும் நாங்கள் பட்டியலின் கடைசி வரை போய்ப் பார்த்தோம்.

பெருநாள் காசு இதற்குத்தான் போனது. வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விளையாட விடும் கடைகளுக்குப் போனார்கள். அங்கே முஸ்லிம், தமிழ், சிங்களப் பையன்கள் ஒரே பலகை வாங்கில் முறை பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 1996 மார்ச் 17இல் லாகூரில் உலகக் கிண்ணம் வென்ற அன்று யாரும் அண்டனா வயரைத் தொடவில்லை. அதே வருடம் வரட்சியால் நீண்ட மின்வெட்டு வந்தபோது, கரண்ட் உள்ள நேரத்தைப் பிள்ளைகள் தங்களுக்குள் பங்கு போட்டார்கள்.

*போன விதம்*

1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் வந்தது. சில வருடங்களில் கெசட்டின் இடத்தை சீ.டி. பிடித்தது. 2000த்துக்குப் பிறகு வெளித்தோற்றத்தில் பிளேஸ்டேஷன் மாதிரியே இருக்கும் 'பொலிஸ்டேஷன்' வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே அதே பழைய நகல் சிப். பெயரில் ஒரு சின்ன மாற்றத்தைக் கவனிக்காமல் எத்தனை பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள்! ஜப்பானில் நின்டென்டோ 2003 செப்டம்பரில்தான் ஃபெமிகொம் தயாரிப்பை முழுதாக நிறுத்தியது. நம் ஊரிலும் ஏறத்தாழ அந்தக் காலத்தோடு அது அலுமாரிக்கு மேலே போனது. பிறகு கொம்பியூட்டர், பிறகு கைபேசி.

இந்த இழப்பு நமக்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் விடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன்னர் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. பணமும் நூலகமும் உள்ள நாட்டிலேயே நிலைமை அதுவென்றால், பெயரில்லாத நகல்களைக் கொண்ட நம் கதி என்ன?

*சேகரிப்பது என்றால் என்ன?*

வீட்டில் பெட்டி இருந்தால் சில நடைமுறை விஷயங்கள்.

கிடைத்த அடெப்டரைக் கொழுவ வேண்டாம். அசல் ஃபெமிகொம் 10 வோல்ட் நேரோட்டத்தில் ஓடுவது. அதன் முனையில் நடுப்பகுதிதான் மறை. அமெரிக்காவுக்கு வந்த அதன் சகோதரப் பெட்டியோடு கொடுத்ததோ ஆடலோட்ட அடெப்டர். நகல்களில் நேர், மறை எந்தப் பக்கம் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். அடியில் உள்ள குறியைப் பார்த்து, தெரிந்த ஒரு திருத்துநரிடம் காட்டிய பிறகே கரண்ட் கொடுங்கள்.

கெசட்டை ஊத வேண்டாம். ஊதினால் வேலை செய்தது ஊதியதால் அல்ல. கழற்றித் திரும்பச் செருகியதில் தொடுமுனை சரியாகப் பட்டதால். எச்சில் ஈரம் செப்பு முனைகளை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் சுத்தமான ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள்.

வாத்து சுடும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பின்பக்கம் நீண்ட பழைய டீவியையும் வைத்திருங்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி அந்த நொடியிலேயே பிடிக்க வேண்டும். இன்றைய தட்டை டீவி படத்தைக் காட்டுவதற்குள் அந்த நொடி தாண்டிவிடும். ஆனால் அந்தப் பழைய டீவியின் பின்மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். கரண்ட் நிறுத்திய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இவையெல்லாம் பொருளைக் காப்பாற்றும் வழிகள். கதையைக் காப்பாற்ற வேறு வேலை வேண்டும்.

கேம் கெசட்டின் உள்ளே இருக்கும் நினைவகம் தொழிற்சாலையில் செய்யும்போதே பதியப்படுவது. பிறகு அழிப்பதற்கு வழியில்லை. மாரியோ விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குள் அதுபோல எழுபது, எண்பது அடங்கும். முப்பது வருடம் பரணில் கிடந்த அந்தக் கெசட்டைத் துடைத்துப் போட்டால் பெரும்பாலும் இன்றும் ஓடும். பேசிய கெசட் அப்படியல்ல. அது காந்தப் பூச்சுத் தடவிய நாடா. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டும், அறும். பல வீடுகளில் அதன்மேல் பாட்டுப் பதிந்துவிட்டார்கள். ஆக, ஒரே பார்சலில் வந்த இரண்டில், ஜப்பான்காரர் எழுதிய விளையாட்டு அப்படியே இருக்கிறது. நம் தாயின் குரல் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே நம் ஊரில் சேகரிப்பு இரண்டையும் சேர்த்துத்தான் நடக்க வேண்டும். பெட்டியை வைத்திருப்பவர்கள் அதன் அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். எந்த வருடம் வந்தது, எந்த நாட்டிலிருந்து, யார் கொண்டுவந்தார், எத்தனை வருடம் அங்கே இருந்தார் என்று எழுதுங்கள். அந்த நான்கு வரி இல்லாவிட்டால் அது ஒரு மலிவான தாய்வான் நகல். இருந்தால் அது ஊவாவின் வரலாற்று ஆவணம். அலுமாரியின் அடித்தட்டில் பேசிய கெசட் இருந்தால், பூஞ்சணம் இல்லை என்று பார்த்த பிறகு, நல்ல டேப் ரெக்கோடரில் ஒரே ஒரு தடவை ஓட்டி, அந்தத் தடவையிலேயே கொம்பியூட்டரில் பதிந்துகொள்ளுங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

குரலும் இல்லையென்றால், கேட்பதற்கு இன்னும் ஆள் இருக்கிறார். அன்று முப்பது வயதில் போன தாய்க்கு இன்று அறுபது தாண்டியிருக்கும். எந்த வீட்டில் வேலை செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், டீவி கேமை எந்தக் கடையில் வாங்கினீர்கள், அதற்கு எத்தனை மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தீர்கள் என்று கேளுங்கள். அன்று கதவோரம் நின்ற ராத்தாவிடமும், லயத்து அக்காவிடமும் கேளுங்கள். இந்த வரலாற்றில் அவர்கள் பங்கு விளையாடிய நம்முடையதை விடப் பெரியது. முடிந்தால் ஒரு நாள் அந்தப் பெட்டியைக் கொழுவி, அவர்கள் கையில் ஜொய்ஸ்டிக்கைக் கொடுங்கள்.

பதுளை, ஹாலி-எல, பசறை, வெலிமடை, பண்டாரவளை எங்கிருந்தாலும், உங்கள் வீட்டுப் பெட்டியின் கதையை எழுதி அனுப்புங்கள். படம் எடுத்தால் பெட்டியை மட்டும் எடுக்காமல், சம்மதித்தால் அதைக் கொண்டுவந்தவரையும் பக்கத்தில் இருத்தி எடுங்கள். பாடசாலையில் தரம் 9, 10 பிள்ளைகளுக்கு வரலாற்றுச் செயற்றிட்டமாக இதையே கொடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம். மன்னர்களின் ஆட்சிக்காலத்தை மனனம் செய்யும் பிள்ளை, தன் மூத்தம்மா குவைத்தில் இருந்த வருடங்களையும் அறிந்திருக்கட்டும்.